போர்வீரன் பென்ஷனும் மாஜி மனைவியின் பங்கும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுப்ரீம் கோர்ட்டு 2017-ம் வருஷம் மே மாதம் 15-ந் தேதி ஹவல் வழக்கில் அளித்த தீர்ப்பு, பார்வைக்கு மாதம் 125 டாலரைப் பற்றிய ஒரு சிறு தகராறே. ஆகாயப் படையில் ஊழியம் செய்து ஓய்வு பெற்ற ஒருவருக்கும் அவருடைய மாஜி மனைவிக்கும் இடையே எழுந்த வழக்கு அது. அதை விசாரித்த எட்டு நீதிபதிகளும் ஏகமனதாக அந்த ஸ்திரீக்கு விரோதமாகவே தீர்ப்புச் சொன்னார்கள். தொகை சொற்பமாயினும் அதனுள் அடங்கிய பிரச்சினை சொற்பமானதன்று. தேசத்தின் படையில் சேர்ந்தவன் ஒருவன். அவனோடு ஊர் ஊராய் அலைந்து குடும்பத்தைக் காத்தவள் ஒருத்தி. இவ்விருவரும் பிரியும்போது சர்க்கார் அளிக்கும் பென்ஷன் யாருடைய ஆஸ்தி? அதில் ஒரு பாகத்தைக் கோர்ட்டு அவளுக்கு அளித்துவிட்ட பிறகு, அவன் பிற்காலத்தில் போடும் ஒரு கையெழுத்தினால் அப்பாகம் கரைந்துபோகலாமா? போகலாம் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அதுவே இன்றும் அந்நாட்டில் அமுலில் இருக்கும் சட்டம்.

விஷயத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் அந்நாட்டின் அரசியல் அமைப்பைச் சிறிது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே விவாகம், விவாகரத்து, ஜீவனாம்சம், ஆஸ்திப் பங்கீடு யாவும் தனித்தனி ராஜ்யங்களின் அதிகாரத்தைச் சேர்ந்தவை. கலிபோர்னியா, அரிஸோனா, டெக்ஸஸ் முதலான ஒன்பது ராஜ்யங்களில், விவாக காலத்தில் தம்பதிகளில் எவர் சம்பாதித்தாலும் அது இருவருக்கும் பொதுச் சொத்து. மற்ற ராஜ்யங்களில் கோர்ட்டார் நியாயமென்று தோன்றும் வீதத்தில் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். ராணுவமோ மத்திய சர்க்காருக்கு உரியது; அதன் சம்பளமும் பென்ஷனும் மத்தியச் சட்டத்தினால் ஏற்படுபவை. ஆகவே சிப்பாயின் குடும்பம் பிரியும்போது இரண்டு அதிகாரங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

வர்த்தகரோ வக்கீலோ விவாகரத்துச் செய்துகொண்டால் பங்கிடுவதற்கு வீடு, நிலம், பாங்கிப் பணம் என்று ஏதேனும் இருக்கும். சிப்பாய்க் குடும்பத்தின் நிலைமை வேறு. இரண்டு மூன்று வருஷங்களுக்கு ஒருமுறை உத்தரவு வரும், மூட்டை கட்டவேண்டும். 2023-ம் வருஷத்துக்கு முன்பெல்லாம், மனைவி ஒரு ராஜ்யத்தில் உபாத்தியாயினி வேலைக்கு லைசென்ஸ் பெற்றிருந்தால் அடுத்த ராஜ்யத்தில் புதிதாக மனுச் செய்யவேண்டியிருந்தது. புருஷன் கடல் கடந்து சென்றிருக்கும் மாதங்களில் குழந்தைகளுக்குத் தாயும் தகப்பனும் அவளே. ஒரே உத்தியோகத்தில் நிலைத்திருந்து தனக்கென்று ஒரு பென்ஷன் சேர்த்துக்கொள்வது இப்படிப்பட்டவளுக்கு எவ்வாறு சாத்தியம்? ராணுவப் பென்ஷனோ படிப்படியாகச் சேருவதன்று. 20 வருஷம் பூர்த்தியானால் அடிப்படைச் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி ஆயுள் முழுவதும் வரும். 19 வருஷத்தில் விலகினால் சாதாரணமாக ஒன்றும் வாராது. 2018-ம் வருஷம் முதல் சேருவோருக்குப் பாதி என்பது நூற்றுக்கு நாற்பதாகக் குறைந்து, வேறு ஒரு சேமிப்பு நிதி அதனுடன் சேர்க்கப்பட்டிருக்கிறது. எப்படியாயினும் அந்த 20 வருஷத்தையும் கடத்துவதே குடும்பத்தின் ஏக லட்சியமாகிவிடுகிறது. பிரியும்போது அவர்களிடம் இருக்கும் ஒரே பெருஞ் சொத்து அந்தப் பென்ஷன்தான்.

சட்டம் ஸ்திரீ புருஷ பேதம் பாராட்டவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பெண்கள் படையில் ஊழியம் செய்து, புருஷர்கள் பங்கு கேட்கும் வழக்குகளும் உண்டு. ஆயினும் இச்சட்டத்தின் சரித்திரத்தை உருவாக்கிய வழக்குகளில் கேட்டவர்கள் மனைவிமாரே.

1981-ம் வருஷம் ஜூன் 26-ந் தேதி வரையில் பல ராஜ்யங்களின் கோர்ட்டுகள் ராணுவப் பென்ஷனையும் மற்றச் சொத்தைப் போலவே பங்கிட்டு வந்தன. அன்றைய தினம் மக்கார்ட்டி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தடுத்துவிட்டது. வழக்காடியவர் ராணுவ வைத்தியர், கர்னல் பதவி வகித்தவர். விவாகரத்தின்போது அவருக்கு 18 வருஷ ஊழியம் ஆகியிருந்தது. அதில் பெரும்பகுதி விவாக வாழ்க்கையில் கழிந்தது. கலிபோர்னியா கோர்ட்டு பென்ஷனில் நூற்றுக்கு சுமார் 45 வீதம் மனைவிக்கு அளித்தது. அந்த ராஜ்ய நியாயப்படி அது சரியே. ஆனால் மேல் கோர்ட்டில் ஆறு நீதிபதிகள் ஒரு பக்கமும் மூவர் மறு பக்கமுமாகப் பிரிந்து, பென்ஷன் சிப்பாயின் சொந்த உரிமை, அதை ராஜ்யச் சட்டம் பிளக்கக்கூடாது என்று தீர்மானித்தார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பிளாக்மன் சொன்ன காரணங்களில் ஒன்று கவனிக்கத்தக்கது. படைக்கு ஆள் சேர்ப்பதற்கும், சேர்ந்தவர்களைத் தக்க காலத்தில் ஓய்வு பெறச் செய்வதற்கும் பென்ஷன் ஒரு கருவி; அதைப் பாதியாக்கினால் கருவி மழுங்கும் என்பது அவர் வாதம். அதாவது, ராணுவத்தின் சௌகரியத்தை முன்னிட்டு மனைவியின் உழைப்புக்கு மதிப்பு இல்லையென்று ஆயிற்று. மாஜி மனைவிமாரின் நிலைமை பரிதாபமானது என்பதை நீதிபதியே ஒப்புக்கொண்டு, பரிகாரம் தேடவேண்டியது சட்டசபையின் வேலை என்று கைகாட்டினார். நீதிபதி ரென்குவிஸ்ட் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

சட்டசபை தாமதிக்கவில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் (நம் நாட்டுக் கட்சியன்று, அந்நாட்டின் சட்டசபைக்கு அதுவே பெயர்) 1982-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஒரு சட்டம் செய்தது. கொலராடோ பிரதிநிதியான பட்ரீஷியா ஷ்ரோடர் அம்மையார் இதற்காக முன்னின்று பாடுபட்டவர்களுள் முக்கியமானவர். 1983-ம் வருஷம் பிப்ரவரி முதல் தேதி அமுலுக்கு வந்த அச்சட்டம், முன் தீர்ப்பின் தினத்துக்கே பின்னோக்கிச் சென்று, ராணுவப் பென்ஷனைப் பங்கிடும் அதிகாரத்தை ராஜ்யக் கோர்ட்டுகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. கொடுத்த விதந்தான் யோசிக்கத்தக்கது. மாஜி மனைவிக்கு இவ்வளவு பாகம் உண்டு என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. கோர்ட்டுகள் பங்கிடலாம் என்று மட்டுமே சொல்கிறது. அதுவும் பென்ஷன் முழுவதையுமன்று, சில பிடித்தங்கள் போக மீதி நிற்கும் நிகரத் தொகையை மட்டும். இந்த "நிகரம்" என்ற ஒரு சொல்லிலேதான் பிற்காலத்துச் சங்கடம் முழுவதும் ஒளிந்திருந்தது.

இச்சட்டத்தைப் பற்றி அந்நாட்டிலேயே ஒரு தப்பெண்ணம் பரவியிருக்கிறது. விவாகம் பத்து வருஷம் நிலைத்திராவிட்டால் மனைவிக்குப் பங்கே இல்லையென்று அநேகர் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. விவாகமும் ராணுவ ஊழியமும் பத்து வருஷமாவது சேர்ந்து நடந்திருந்தால், பங்குத் தொகையைச் சர்க்கார் பணப்பட்டுவாடா இலாகாவே நேராக மனைவிக்கு அனுப்பும். இல்லாவிடில் அவள் புருஷனிடம் மாதந்தோறும் கேட்டு வாங்கவேண்டும். பங்கு பங்குதான், வழிதான் வேறு. ஆனால் தப்பெண்ணத்தின் பயனாக, ஒன்பது வருஷம் வாழ்ந்தவள் கேட்காமலே விட்டுவிடுவதும் உண்டு. நேராக அனுப்பும் பங்குக்கும் நூற்றுக்கு 50 என்ற வரம்பு இருக்கிறது. பென்ஷனைப் பங்கிடும் கோர்ட்டுக்குப் புருஷன்மீது அதிகாரம் வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. உத்தரவின் பேரில் அவன் தங்கியிருக்கும் ஊர் என்பது போதாது. அவனுடைய நிலையான வாசஸ்தலமாக இருக்கவேண்டும், அல்லது அவனே சம்மதிக்கவேண்டும். அவனோடு கூடவே மாற்றப்பட்ட மனைவி, தான் இருக்கும் ஊரில் வழக்குத் தொடுத்து, விவாகரத்து மட்டும் பெற்றுப் பென்ஷனைப் பெறாமல் திரும்புவதற்கு இதனால் இடமேற்படுகிறது. வைத்திய உதவிக்கு வேறு கணக்கு. 20 வருஷ விவாகம், 20 வருஷ ஊழியம், இரண்டும் சேர்ந்து நடந்த 20 வருஷம் என்ற மூன்றும் பொருந்தினால்தான் ராணுவ ஆஸ்பத்திரிச் சலுகை அவளுக்குத் தொடரும்.

இனி அந்த நிகரத் தொகைக்கு வருவோம். ஊழியத்தில் காயமோ வியாதியோ அடைந்த சிப்பாய்க்கு, ஓய்வுப் பென்ஷன் தவிர, மாஜி சிப்பாய்கள் இலாகா அங்கஹீனத்தின் வீதத்துக்குத் தக்கபடி நஷ்டஈடு கொடுக்கிறது. ஆனால் ஒருவன் ஒரே காலத்தில் இரண்டையும் முழுமையாகப் பெறக்கூடாது என்பது நெடுங்காலத்திய பழைய விதி. நஷ்டஈடு வேண்டுமானால் அதற்குச் சமமான தொகையை ஓய்வுப் பென்ஷனில் விட்டுக்கொடுக்கவேண்டும். அப்படியானால் ஏன் ஒருவன் விட்டுக்கொடுக்கிறான்? பென்ஷனுக்கு வருமான வரி உண்டு; நஷ்டஈட்டுக்கு வரி இல்லை. ஆகவே தகுதியுள்ளவர்கள் விட்டுக்கொடுப்பது இயல்பே. விட்டுக்கொடுத்த பாகத்தை நிகரத்திலிருந்து கழித்துவிட வேண்டுமென்கிறது 1982-ம் வருஷத்துச் சட்டம்.

இதன் விளைவைக் கணக்காகப் பார்ப்போம். ஒருவருக்கு மாதம் 2,000 டாலர் பென்ஷன் என்று வைத்துக்கொள்வோம். கோர்ட்டு பாதியை மனைவிக்கு அளித்தது; இருவருக்கும் ஆயிரம் ஆயிரம். சில வருஷங்களுக்குப் பிறகு புருஷன் அங்கஹீன நஷ்டஈடாக 800 டாலர் பெற்று, அவ்வளவையும் பென்ஷனில் விட்டுக்கொடுக்கிறான். பென்ஷன் 1,200 ஆகிறது. மனைவிக்குப் பாதி 600. புருஷனுக்கு 600-ம் நஷ்டஈடு 800-ம் சேர்ந்து 1,400. சர்க்கார் கஜானாவிலிருந்து வெளியே போகும் தொகை முன்போல 2,000 டாலரே. காயத்துக்காகச் சர்க்கார் புதிதாக ஒரு டாலரும் கொடுக்கவில்லை. புருஷனுக்குக் கூடிய 400 டாலரும் மனைவியின் பங்கிலிருந்து எடுக்கப்பட்டதே! காயம்பட்டவனுக்கு உபகாரம் செய்த பெருமை சர்க்காருக்கு. செலவு மாஜி மனைவிக்கு.

1989-ம் வருஷம் மான்ஸெல் வழக்கில் இது முதன்முதலாகச் சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தது. 23 வருஷம் வாழ்ந்து பிரிந்த தம்பதிகள் அவர்கள். விட்டுக்கொடுத்த பாகம் உட்பட முழுப் பென்ஷனிலும் பாதி என்று 1979-ம் வருஷத்தில் புருஷனே ஒப்பந்தம் எழுதிக்கொடுத்திருந்தார். புதுச் சட்டம் வந்ததும் அதைத் திருத்தவேண்டுமென்று கேட்டார். நீதிபதி தர்குட் மார்ஷல், நீக்ரோ ஜனங்களின் உரிமைக்காக வாழ்நாள் முழுவதும் போராடியவர், பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். விட்டுக்கொடுத்த தொகையை ராஜ்யக் கோர்ட்டுகள் சொத்தாகப் பங்கிட முடியாது. மாஜி மனைவிமாருக்குக் கஷ்டம் விளையலாம். ஆயினும் சட்டத்தின் சொற்கள் அவ்வளவுதான் அதிகாரம் கொடுக்கின்றன என்றார். சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதியான ஸாண்ட்ரா டே ஓகானர் அம்மையார் உடன்படவில்லை. பிளாக்மன் அவருடன் சேர்ந்தார். 1981-ல் மனைவிக்கு விரோதமாக எழுதியவர் 1989-ல் அவள் பக்கம் நின்றது விசித்திரமே. ஆனால் அதற்குள் காங்கிரஸ் தன் மனத்தைத் தெரிவித்திருந்தது; அம்மனத்தை எவ்வாறு பொருள் செய்வது என்பதில்தான் நீதிபதிகள் பிரிந்தார்கள்.

மான்ஸெல் வழக்கில் நஷ்டஈடு விவாகரத்துக்கு முன்பே வந்துவிட்டது. பிறகு வந்தால்? ஹவல் வழக்கு இதுதான். 1991-ம் வருஷம் அரிஸோனாவில் விவாகரத்து. மறு வருஷம் புருஷர் ஓய்வு பெற்றார். மனைவிக்குப் பென்ஷனில் பாதி வந்துகொண்டிருந்தது. சுமார் பதின்மூன்று வருஷம் கழித்து, 2005-ல், ஊழிய காலத்தில் ஏற்பட்ட ஒரு தோள் காயத்துக்காக நூற்றுக்கு 20 வீதம் அங்கஹீனம் என்று இலாகா ஒப்புக்கொண்டது. அவர் மாதம் சுமார் 250 டாலர் விட்டுக்கொடுத்தார். மாஜி மனைவியின் வருமானத்தில் 125 டாலர் குறைந்தது. அரிஸோனா சுப்ரீம் கோர்ட்டு, தீர்ப்பினால் நிலைபெற்றுவிட்ட உரிமையை ஒருவன் தன்னிச்சையாகக் குறைக்கக்கூடாது, குறைந்ததை அவன் ஈடுசெய்ய வேண்டும் என்றது. சாதாரண மனிதன் புத்திக்கும் இதுவே நியாயமாகப் படும். ஆனால் நீதிபதி பிரேயர் எழுதிய தீர்ப்பு, ஈடுசெய் என்பதும் பங்கிடு என்பதும் பெயர் மாற்றமேயன்றி வேறல்ல. பிற்காலத்தில் குறையக்கூடிய ஒரு தொகையில்தான் மனைவிக்கு ஆதியிலேயே பங்கு கிடைத்தது என்று கூறிவிட்டது. பங்கு குறையக்கூடும் என்பதை உத்தேசித்து ராஜ்யக் கோர்ட்டுகள் ஜீவனாம்சத்தைக் கூட்டி நிர்ணயிக்கலாம் என்றும் ஒரு வழி காட்டிற்று. ஜீவனாம்சம் பல ராஜ்யங்களில் மறுமணத்தோடு நின்றுபோவது. சொத்துப் பங்கு அப்படி நிற்பதன்று. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றைத் தேடிக்கொள் என்பது முழுப் பரிகாரமாகாது.

மறு பக்கத்தையும் யோசிப்போம். யுத்தத்தில் காலிழந்தவன் ஒருவனுக்கு அக்காலின் பொருட்டுச் சர்க்கார் கொடுக்கும் பணத்தில், பிரிந்துபோனவளுக்கு என்ன உரிமை? வலி அவனுடையது; நடக்க முடியாத வீதி அவனுக்குரியது. இந்த வாதத்தில் பலம் உண்டு. நாம் அதை மறுக்கவில்லை. 1987-ம் வருஷத்தில் ரோஸ் வழக்கில், அதே கோர்ட்டு, குழந்தைகளின் பராமரிப்புக்காக இந்த நஷ்டஈட்டுப் பணத்தையும் கட்டாயமாகச் செலவிடச் செய்யலாம் என்று தீர்மானித்திருக்கிறது. நஷ்டஈடு சிப்பாய்க்கு மாத்திரமன்றி அவன் குடும்பத்துக்கும் உத்தேசிக்கப்பட்டது என்பதே காரணம். ஆயினும் மாஜி மனைவி அந்த நஷ்டஈட்டைக் கேட்கவில்லை. அவள் கேட்பது, தான் ஊழியத்தில் துணைநின்று சம்பாதித்த பென்ஷனை. அந்தப் பென்ஷனைச் சுருக்கிக் காயத்துக்கு விலை கொடுப்பதற்குப் பதில், பென்ஷனையும் நஷ்டஈட்டையும் தனித்தனியே முழுதாகக் கொடுத்துவிட்டால் இத்தகராறுக்கே இடமில்லை. புருஷனும் மனைவியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழியாமல் கோர்ட்டு ஏறும் இவ்வழக்குகளில் உண்மையான பிரதிவாதி மத்திய சர்க்காரே என்பது நமது அபிப்பிராயம்.

இது நடவாத காரியமன்று. பாதி நடந்தே இருக்கிறது. 2004-ம் வருஷம் முதல், 20 வருஷ ஊழியம் முடித்து, நூற்றுக்கு 50 வீதமும் அதற்கு மேலும் அங்கஹீனம் உள்ளவர்களுக்கு இரண்டையும் கொடுக்கும் ஏற்பாடு ஆரம்பமாகி, பத்து வருஷத்தில் படிப்படியாகப் பூர்த்தியாயிற்று. அவர்கள் விஷயத்தில் மீண்ட பென்ஷன் பங்கிடக்கூடியதே. 50-க்குக் குறைந்தவர்களுக்குப் பழைய விதிதான். ஹவல் 20 வீதக்காரர். அதிகக் காயம்பட்டவன் மனைவிக்குப் பங்கு மீள்கிறது. குறைந்த காயம்பட்டவன் மனைவி பங்கை இழக்கிறாள். இந்த அதிசயத்துக்கு நியாயம் கற்பிக்க நம்மால் இயலவில்லை. யுத்தக் காயத்துக்கென்று வேறொரு தனித் தொகையும் உண்டு. புருஷன் வருஷந்தோறும் இரண்டில் எதையேனும் தேர்ந்தெடுக்கலாம். யுத்தக் காயத் தொகையைத் தேர்ந்தெடுத்தால் அதில் மாஜி மனைவிக்குப் பங்கில்லை. இங்கும் அவளுடைய மாத வருமானம் அவனுடைய கையெழுத்தில் தொங்குகிறது.

2016-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் காங்கிரஸ் இன்னொரு முடிச்சும் போட்டது. அதற்குப் பிறகு நடக்கும் விவாகரத்துகளில், புருஷன் இன்னும் ஊழியத்தில் இருந்தால், அன்றைய தினம் அவன் வகிக்கும் பதவியும் அதுவரை கழிந்த வருஷங்களுமே கணக்குக்கு அடிப்படை. பின்னால் விலைவாசிக்கேற்ற உயர்வு மட்டும் சேரும். காப்டனாக இருக்கையில் பிரிந்தவன் கர்னலாக ஓய்வு பெற்றால், கர்னல் பென்ஷனில் முதல் மனைவிக்குச் சம்பந்தமில்லை. பிரிந்த பிறகு பெற்ற பதவியில் அவளுக்கு என்ன பங்கு என்று கேட்பது நியாயந்தான். முதல் பத்து வருஷத்தின்மேல்தான் பிந்திய பத்து வருஷமும் நிற்கிறது என்பதும் நியாயந்தான். முன்னெல்லாம் இரண்டையும் தூக்கிப் பார்க்கும் பொறுப்பு ராஜ்யக் கோர்ட்டுகளுக்கு இருந்தது. இப்போது அது பறிக்கப்பட்டுவிட்டது.

புருஷன் இறந்தால் பென்ஷன் நின்றுபோகும். அதோடு அவள் பங்கும் நின்றுபோகும். இதற்கு உயிர்பிழைத்தோர் திட்டம் ஒன்று இருக்கிறது; தொகையின் பேரில் நூற்றுக்கு 55 வீதம் அவளுக்குத் தொடரும். ஆனால் விவாகரத்தில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. புருஷன் ஒரு வருஷத்துக்குள் இலாகாவுக்குத் தெரிவிக்கவேண்டும். அவன் தெரிவியாவிட்டால், கோர்ட்டு உத்தரவிலிருந்து ஒரு வருஷத்துக்குள் அவளே தெரிவிக்கவேண்டும். காகிதம் ஒன்று மேஜையில் கிடந்துவிட்டால் முதுமைக்காலத்து ஆதாரம் போயிற்று.

நம் நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கோவா நீங்கலாக, விவாக காலத்து ஆஸ்தி இருவருக்கும் பொது என்ற கொள்கையே நமது சட்டத்தில் இல்லை. 1955-ம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டத்தின் 25-வது பிரிவு ஜீவனாம்சம் அளிக்கிறது. 27-வது பிரிவு விவாக சமயத்தில் இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட பொருள்களை மட்டும் கவனிக்கிறது. 1950-ம் வருஷத்து ராணுவச் சட்டத்தின்படி, மனைவி மக்களைப் பராமரியாத ராணுவத்தாரின் சம்பளத்தில் அதிகாரிகளே பிடித்துக் கொடுக்கலாம். கோர்ட்டுக்குப் போகாமலே கிடைக்கக்கூடிய இந்த உதவி மதிக்கத்தக்கதே. ஆனால் அது பராமரிப்பு, பாகமன்று. சிப்பாய் மனைவி பென்ஷனில் ஒரு பங்கைத் தன் சம்பாத்தியம் என்று கேட்க இங்கே சட்டம் இன்னும் இடங்கொடுக்கவில்லை. அமெரிக்காவின் குறைகளை எடுத்துக்காட்டும்போது இதையும் மறைக்கலாகாது.

ஹவல் தீர்ப்புக்குப் பிறகு, அந்நாட்டு வக்கீல்கள் விவாகரத்து ஒப்பந்தங்களில் ஒரு சரத்தைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். பென்ஷன் குறைந்தால் குறைந்ததை வேறு பணத்திலிருந்து கொடுப்பேன் என்று புருஷன் தானே சம்மதித்து எழுதிக்கொடுப்பது அது. கோர்ட்டு கட்டாயப்படுத்துவதைத்தான் சுப்ரீம் கோர்ட்டு தடுத்தது, மனிதன் மனமொப்பிச் செய்த வாக்குறுதியைத் தடுக்கவில்லை என்று நெவாடா சுப்ரீம் கோர்ட்டு 2022-லும், விர்ஜீனியா சுப்ரீம் கோர்ட்டு 2023-லும் அவ்விதமான ஒப்பந்தங்களை நிலைநிறுத்தியிருக்கின்றன. ஆகவே கை தேர்ந்த வக்கீலுக்குப் பணம் கொடுக்கக்கூடிய கர்னல் மனைவிக்கு இன்று ஒரு பாதுகாப்பு உண்டு. வக்கீல் இல்லாமல் அச்சடித்த பாரத்தை நிரப்பி விவாகரத்துப் பெறும் ஸார்ஜண்ட் மனைவிக்கு அது இல்லை. அவளுக்கு வரவேண்டியதைத் தனியே கொடுக்கும்படி காங்கிரஸ்தான் அந்தப் பழைய விதியை அடியோடு நீக்கவேண்டும்.